ஓப்பினெல் மடக்குக் கத்திகள்: சேலத்துக்கும் சேர்வராயன் மலைக்கும் ஏற்ற முதல் ஐந்து

மடக்குக் கத்தி சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பிடியின் நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று, செதுக்கு வேலை செய்தது ஒன்று என்று ஆறு கத்தி சேர்ந்த பிறகு எடுத்துப் பரப்பிப் பார்த்தால், ஆறும் ஒரே அளவு, ஒரே இரும்பு. ஒரு கத்தி செய்யும் வேலையைத்தான் மற்ற ஐந்தும் செய்யும்.

ஒரே தயாரிப்பாளரின் கத்திகளை மட்டும் சேர்ப்பதில் ஒரு நல்ல பயன் இருக்கிறது. அமைப்பு மாறாமல் இருக்க, அளவு மட்டும் மாறினால் கைக்கு என்ன வித்தியாசம், இரும்பு மட்டும் மாறினால் கூரில் என்ன வித்தியாசம் என்று நேராகத் தெரிந்துவிடும். அதற்கு பிரான்ஸின் ஓப்பினெல் கத்திகளைவிடத் தோதானவை கிடைப்பது அரிது. மரப்பிடி, எளிய பூட்டு, வரிசை எண்ணிட்ட அளவுகள், வாங்கக்கூடிய விலை, எல்லாமே அதில் உண்டு. ஆனால் மரப்பிடி என்பதாலேயே ஏற்காட்டுப் பனியில் ஒரு மாதிரியும், சேலத்துச் சித்திரை வெயிலில் வேறு மாதிரியும் அது நடந்துகொள்ளும். எதை வாங்குவது என்று முடிவு செய்யும்போதே அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எண்களின் கணக்கு

ஆல்ப்ஸ் மலைப் பகுதியான சவோயில் ஜோசப் ஓப்பினெல் இந்தக் கத்தியை 1890-இல் உருவாக்கினார். 1897-இல் 1 முதல் 12 வரை பன்னிரண்டு அளவுகள் கொண்ட வரிசை வந்தது. 1-ஆம் எண் மிகச் சிறியது. 11-ஆம் எண் முன்னும் பின்னும் உள்ள அளவுகளோடு ஒட்டிப்போனது. இரண்டையும் 1935-இல் நிறுத்திவிட்டார்கள். அதனால் இன்றைய வரிசையில் பத்து அளவுகள்: 2, 3, 4, 5, 6, 7, 8, 9, 10, 12. “11-ஆம் எண் கிடைக்கவில்லையே” என்று கடை கடையாகத் தேட வேண்டாம்.

எண்ணுக்கும் அலகின் நீளத்துக்கும் தொடர்பு உண்டு, ஆனால் நேர்க் கணக்கு இல்லை. 2-ஆம் எண்ணின் அலகு 3.5 செ.மீ., 4-ஆம் எண் 5 செ.மீ., 6-ஆம் எண் 7 செ.மீ., 7-ஆம் எண் 8 செ.மீ., 8-ஆம் எண் 8.5 செ.மீ., 9-ஆம் எண் 9 செ.மீ., 10-ஆம் எண் 10 செ.மீ., 12-ஆம் எண் 12 செ.மீ. இதில் 7, 8, 9 மூன்றுக்கும் இடையே அரை அரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள். முதல் ஐந்து கத்திக்குள் இந்த மூன்றையும் வாங்குவது வீண்.

ஒரு கத்தியில் ஐந்தே பாகங்கள். மரப்பிடி, அலகு, இரண்டையும் சேர்க்கும் ஆணி, பிடியின் தலையில் இறுக்கிய பூண், அந்தப் பூணின் மேல் சுழலும் பூட்டு வளையம். உலக்கைக்குப் போடும் பூண் மரம் பிளக்காமல் காப்பதுபோலத்தான் இதுவும். பூட்டு வளையம் 1955-இல் சேர்க்கப்பட்டது. 6-ஆம் எண்ணிலிருந்துதான் அது உண்டு. 2 முதல் 5 வரை உள்ள சின்னக் கத்திகளில் பூட்டு கிடையாது. மரத்தின் பிடிமானம் ஒன்றே அலகை நிறுத்துகிறது. எனவே அந்தச் சின்னக் கத்திகளை அழுத்தி வெட்டும் வேலைக்கு எடுக்கக் கூடாது, விரல் மேல் மடங்கும். தொடக்கத்தில் வளையம் விரித்த நிலையை மட்டுமே பூட்டியது. மடித்த நிலையிலும் பூட்டும் ஏற்பாடு 2000-இல் வந்தது. பழைய கத்தி ஒன்று கைக்கு வந்தால் முதலில் இதைச் சோதித்துப் பாருங்கள்.

எவர்சில்வரா, கரி இரும்பா?

உருக்காலை உள்ள ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. பாத்திரம் செய்கிற எவர்சில்வரும் கத்தி செய்கிற எவர்சில்வரும் ஒன்றல்ல. பாத்திரத்துக்குப் போகும் 304 வகைத் தகட்டில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் இருக்கும். கரி, அதாவது கார்பன், 0.08 சதவீதத்தைத் தாண்டாது. கரி குறைவாக இருப்பதாலும் அதன் உள்ளமைப்பாலும் எவ்வளவு காய்ச்சி நீரில் தோய்த்தாலும் அது கெட்டிப்படாது. கொல்லர்கள் துவைச்சல் என்று சொல்வது அதில் ஏறாது. அந்தத் தகட்டில் கத்தி செய்தால் நான்கு தக்காளி நறுக்குவதற்குள் கூர் சாய்ந்துவிடும்.

ஓப்பினெல்லின் எவர்சில்வர் அலகான இனாக்ஸ், 12சி27 என்ற ஸ்வீடன் வகை. குரோமியம் 13 முதல் 14 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கரி அரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். துவைச்சல் ஏறும், காந்தமும் ஒட்டும். துருவை நன்றாகத் தாங்கும், ஆனால் துருவே பிடிக்காது என்று நம்பி ஈரத்தோடு போட்டுவிடக் கூடாது. கார்பன் அலகு எக்ஸ்சி90. பெயரில் உள்ள 90 என்பது 0.90 சதவீதக் கரியைக் குறிக்கிறது. குரோமியத்தின் பாதுகாப்பு அதில் இல்லை. கல்லில் சீக்கிரம் கூர் ஏறும், நைசாக ஏறும். ஆனால் ஈரத்தோடு ஒரு ராத்திரி விட்டால் காலையில் சிவப்புப் புள்ளி தெரியும்.

இதில் நம் பக்கத்து உணவுதான் முடிவைச் சொல்கிறது. வாழைத்தண்டு, வாழைப்பூ, மாவடு, நெல்லிக்காய், புளி, எலுமிச்சை என்று துவர்ப்பும் புளிப்பும் நிறைய உள்ள சமையல் நம்முடையது. துவர்ப்புச் சத்து கார்பன் அலகின் இரும்போடு சேர்ந்தால் கருப்பாகும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை செய்த அதே வேதியியல்தான். அலகு கருத்தால் கேடில்லை, ஆனால் வாழைப்பூவும் சேர்ந்து கருக்கும், மாம்பழத் துண்டில் இரும்பு வாடை ஏறும். ஆகவே பழம், காய் நறுக்கும் கத்தி கண்டிப்பாக இனாக்ஸாக இருக்கட்டும். கயிறு, அட்டை, குச்சி, தோல் வெட்டவும், கல்லில் தீட்டிப் பழகவும் கார்பன். இரண்டில் எது உயர்ந்தது என்ற விவாதத்தில் இறங்க வேண்டாம். இரண்டும் வேண்டும், ஆனால் இனாக்ஸ் முதலில்.

முதல் ஐந்து, வாங்க வேண்டிய வரிசையில்

முதலாவது, 8-ஆம் எண் இனாக்ஸ், சாதாரண பீச் மரப்பிடி. அலகு 8.5 செ.மீ., மடித்தால் 11 செ.மீ. சராசரி உள்ளங்கையில் நான்கு விரலும் பிடியில் அமரும். கொய்யா, பேரிக்காய், ஆரஞ்சு, வெங்காயம், பார்சல் நூல் எல்லாவற்றுக்கும் இது போதும். ஓப்பினெல்லில் அதிகம் விற்கும் அளவும் இதுதான். இதை மூன்று மாதமாவது தினமும் பயன்படுத்தாமல் அடுத்ததை வாங்க வேண்டாம். உங்கள் கைக்கு எது குறைகிறது என்று இந்தக் கத்திதான் சொல்லும்.

இரண்டாவது, அதே 8-ஆம் எண் கார்பன். “ஒரே அளவில் இரண்டா?” என்று தோன்றும். அளவும் பிடியும் ஒன்றாக இருந்தால்தான் இரும்பின் வித்தியாசம் மட்டும் தனியாகத் தெரியும். புதியவர்கள் பலர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு, 6-இல் கார்பனும் 10-இல் இனாக்ஸும் வாங்கி, எது அளவால் வந்த குணம், எது இரும்பால் வந்த குணம் என்று பிரிக்க முடியாமல் நிற்கிறார்கள்.

மூன்றாவது, 10-ஆம் எண் இனாக்ஸ். சேலத்தில் இருந்துகொண்டு மாம்பழ மாதங்களில் 8-ஆம் எண்ணோடு மல்கோவாவை வெட்டிப் பாருங்கள். அலகின் முனை பழத்துக்குள்ளேயே நின்றுவிடும், கன்னம் கன்னமாக ஒரே இழுப்பில் வராது. 10 செ.மீ. அலகுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ரொட்டி, முலாம்பழம், தட்டில் வைத்து நறுக்கும் காய் எல்லாவற்றுக்கும் உதவும். 10-ஆம் எண்ணில் பிடியோடு தக்கை திருகி சேர்த்த வகையும் உண்டு. திருகி கைக்கு உறுத்தும். திருகி இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

நான்காவது, 6-ஆம் எண் இனாக்ஸ். பூட்டு வளையம் உள்ளவற்றில் மிகச் சிறியது இதுதான். கைப்பைக்கும் சட்டைப் பைக்கும் ஏற்றது. ஆப்பிள் தோல் சீவ, பூண்டு உரிக்க, பென்சில் சீவ 8-ஆம் எண்ணைவிட இது அடங்கி நிற்கும். சிறிய கை உள்ளவர்கள் இதையே இரண்டாவதாக வாங்கினாலும் தவறில்லை.

ஐந்தாவது, 8-ஆம் எண் கவாத்துக் கத்தி. இதன் அலகு உள்பக்கமாக அரிவாள்போல வளைந்திருக்கும். வளைவு கிளையைப் பிடித்து இழுத்துக்கொள்வதால் இளங்கொம்பு வழுக்கி ஓடாது. சேர்வராயன் மலையில் தோட்டமோ நாலு ரோஜாச் செடியோ வைத்திருப்பவர்களுக்கு இது அலமாரியில் தூங்காது. மிளகுக் கொடியின் ஓடுதண்டை எடுக்கவும், காப்பிச் செடியின் பச்சைக் கவைக் கொம்பை நீக்கவும், ரோஜா போத்து வெட்டவும் நன்றாக வரும். விரல் தடிமனுக்கு மேல் முற்றிய காப்பிக் கொம்புக்கு இது ஆகாது, கவாத்துக் கத்தரியும் ரம்பமும்தான் சரி. ஒட்டுக் கட்டும் வேலைக்கும் இதை எடுக்க வேண்டாம். மா ஒட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் தீட்டிய தட்டையான அலகு வேண்டும், இது இரண்டு பக்கமும் தீட்டியது. அப்படி வெட்டினால் வெட்டுமுகம் தட்டையாக வராமல் ஒட்டுக்குள் காற்று நிற்கும்.

தோட்டமே இல்லாதவர் ஐந்தாவதாக 4-ஆம் எண்ணை எடுக்கலாம். பூட்டில்லாத பழைய அமைப்பு எப்படி இருந்தது என்று கையால் தெரியும். குழந்தைக்கு வாங்குவதானால் முனை மழுங்கிய 7-ஆம் எண் தனியாகவே இருக்கிறது.

வால்நட், ஓக், ஆலிவ் மரப்பிடிகள் அழகுதான். அவற்றை ஐந்தும் சேர்ந்த பிறகு பார்க்கலாம்.

கடையில் கையில் எடுத்ததும்

அலகில் முதலில் பார்க்க வேண்டியது முத்திரை: கிரீடம் சூடிய கை. 1909-இல் பதிவான அடையாளம் இது. கை, சவோயிலுள்ள செயின்ட்-ஜான்-த-மோரியென் நகரச் சின்னத்திலிருந்து வந்தது. கிரீடம், சவோய் அரச வம்சத்தைக் குறிப்பது. முத்திரையோடு இனாக்ஸ் அல்லது கார்பன் என்ற இரும்பின் பெயரும் இருக்கும். எழுத்து மங்கலாகவோ கோணலாகவோ இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

பிறகு கத்தியைப் பாதி விரித்து முன்னாலிருந்து பாருங்கள். அலகு காடியின் நடுவில் இருக்க வேண்டும். பிடியில் அலகு மடங்கி உள்ளே போகும் பள்ளத்தைத்தான் காடி என்கிறோம். மரவேலை என்பதால் மயிரிழை சாய்வு சகஜம். அலகு ஒரு பக்க மரத்தைச் சுரண்டினால் மட்டும் வேண்டாம். முழுதாக விரித்து, வளையத்தைத் திருப்பிப் பூட்டி, அலகை மேலும் கீழும் பக்கவாட்டிலும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். பூட்டிய நிலையில் ஆட்டமே இருக்கக் கூடாது. பூட்டாத நிலையில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் அது நல்லதே. புதுக் கத்தி தளர்வாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும், ஏனெனில் வெயில் காலத்தில் அது இன்னும் தளரும். கடைசியாகப் பிடியில் விரிசல், குறிப்பாகப் பூணுக்கு அடியில் மர ரேகையோடு ஓடும் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.

விரிப்பதும் மடிப்பதும்

வளையத்தின் வெட்டு காடிக்கு நேராக வரும்வரை திருப்புங்கள். பிடியை ஒரு கையில் பக்கவாட்டில் பிடித்து, மறு கைக் கட்டைவிரல் நகத்தை அலகின் நகக்குழியில் வைத்து முழுதாக விரியுங்கள். விரிந்ததும் வளையத்தைத் திருப்பினால் வெட்டு விலகி, வளையத்தின் உடல் அலகின் அடிக்குப் பின்னால் வந்து நிற்கும். வளையத்தின் ஓரம் சரிவாக வெட்டப்பட்டிருப்பதால், திருப்பத் திருப்ப ஆப்புபோல இறுகும். கை இறுக்கம் போதும். முழு பலத்தோடு திருகினால் ஆப்பு சிக்கிக்கொள்ளும். ஈர நாளில் மரமும் ஊதி, பிறகு கழற்ற இடுக்கி தேட வேண்டிவரும்.

மடிக்கும்போதுதான் விரல் வெட்டுப்படுகிறது. வளையத்தைத் திறந்ததும் பிடியைப் பக்கவாட்டில் மட்டும் பிடியுங்கள், ஒரு விரல்கூடக் காடியின் வாயில் இருக்கக் கூடாது. அலகின் முதுகை மறு உள்ளங்கையால் தள்ளுங்கள். மடிந்ததும் மறுபடி பூட்டுங்கள். இதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மலையில் இறுக்கமாக இருந்த கத்தி இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி அஸ்தம்பட்டி வந்து நாலு நாள் உலர்ந்ததும் தளர்ந்துவிடும். பூட்டாமல் பையில் போட்டால் தானே விரியும்.

மரம் ஊதினால்

மலையில் வைத்திருப்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: கத்தி விரிய மாட்டேன் என்கிறது, என்ன செய்வது? பீச் மரம் ஈரத்தை நன்றாக இழுக்கும். பிடியின் வெளிப்பக்கத்தில் வார்னிஷ் இருக்கிறது, காடிக்குள் கிடையாது. பனியும் மழை ஈரமும் அந்த வழியாகத்தான் ஏறுகின்றன. காடியின் இரண்டு சுவரும் ஊதி அலகைக் கவ்விக்கொள்கின்றன.

அவசரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. சவோய்க்காரர்கள் செய்வதே அதுதான். வளையத்தைத் திறந்துவிட்டு, பிடியின் வால் முனையைக் கெட்டியான மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அலகின் முனை காடியிலிருந்து எழும்பும், பிறகு நகத்தால் விரிக்கலாம். பல்லால் இழுப்பது, அலகை இடுக்கியால் பிடித்து இழுப்பது இரண்டும் வேண்டாம். இடுக்கி நழுவினால் அலகு விரலில் இறங்கும்.

நிலையான வழிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இதை மழை முடிந்து காற்று உலர்ந்த பிப்ரவரி, மார்ச்சில் செய்யுங்கள். ஐப்பசிப் பனியில் செய்தால் எண்ணெய் வாரக் கணக்கில் பிசுபிசுத்துக் கிடக்கும்.

1. கத்தியை நிழலில் காற்றோட்டமாக ஒரு வாரம் உலர்த்துங்கள். நேர் வெயிலும் அடுப்பு மேடையும் ஆகாது, மரம் ஒரே பக்கமாகச் சுருங்கிப் பூணுக்கு அடியில் விரிசல் விடும்.

2. அலகு மடிந்த நிலையில் வளையத்தைக் கழற்றுங்கள். எந்த வண்டி ஒர்க்ஷாப்பிலும் இருக்கும் சர்க்லிப் பிளையர் போதும். அதன் இரண்டு மூக்கையும் வளையத்தின் வெட்டில் வைத்து, கழன்று வருமளவுக்கு மட்டும் விரித்து முன்பக்கமாக நழுவ விடுங்கள். அதிகம் விரித்தால் வளையம் பிறகு பூணைக் கவ்வாது. வளையம் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

3. அலகை விரித்து, கூர்ப் பக்கத்தில் அட்டையை மடித்து ஒட்டுங்கள். 180 எண் உப்புத்தாளை மெல்லிய பிளாஸ்டிக் அட்டையில் சுற்றிக் காடியின் சுவர்களைத் தேயுங்கள். ஒரு பக்கத்துக்குப் பத்து இழுப்பு, பிறகு மடித்துப் பார்ப்பது, தேவையானால் இன்னும் பத்து. ஒரேயடியாகத் தேய்த்தால் கோடையில் கத்தி லொடலொடவென்று ஆடும். தேய்த்த மரம் திரும்ப வராது.

4. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் காடிக்குள் தடவுங்கள். இருபது நிமிடம் கழித்து மிச்சத்தை ஒற்றி எடுத்து, ஒரு நாள் காய விடுங்கள். இப்படி மூன்று முறை. பிறகு ஒரு வாரம் திறந்தபடி வைத்து, வளையத்தைத் திரும்பப் போடுங்கள்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். துணியை விரித்து வெளியில் காயப்போட்டு, அல்லது தண்ணீரில் நனைத்து, பிறகு எறியுங்கள். தேங்காய் எண்ணெயை இதற்குப் பதிலாக எடுக்க முடியாது. அது காய்ந்து இறுகாது, மரத்துக்குள் ஈரமாகவே நின்று நாளாவட்டத்தில் சிக்கு வாடை அடிக்கும். வெளிப்பக்கத்துக்கு மேல்பூச்சு வேண்டுமென்றால் தேன்மெழுகைத் துணியில் எடுத்துத் தேய்த்தாலே போதும்.

கார்பன் அலகைப் பழக்குவது

புது கார்பன் அலகைச் சோப்பு போட்டுக் கழுவி, தொழிற்சாலை எண்ணெய்ப் படலத்தை நீக்கி, நன்றாகத் துடையுங்கள். காகிதக் கைக்குட்டையை வினிகரில் நனைத்து அலகை மட்டும் சுற்றுங்கள், ஆணிக்கும் மரத்துக்கும் படாமல் ஒரு சென்டிமீட்டர் விடுங்கள். அரை மணி நேரம் கழித்து அவிழ்த்து, ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவுங்கள். அலகு சாம்பல் நிறமாகியிருக்கும். இந்தக் கரும்படலம் முழுக் காப்பு அல்ல, ஆனால் துருவை வெகுவாகத் தாமதப்படுத்தும். கருப்பும் சாம்பலும் இருக்கட்டும். சிவப்போ ஆரஞ்சோ தெரிந்தால் அது துரு, எண்ணெய் தொட்ட நைசான உப்புத்தாளால் அன்றே எடுத்துவிட வேண்டும். விட்டால் குழி விழும்.

உணவில் படும் அலகுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் இரண்டு சொட்டு போதும். தையல் மிஷின் எண்ணெய் உணவுக்கு ஆகாது.

தீட்டுவது

தெருவில் வரும் சாணை பிடிப்பவர் அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் சரியானவர். இந்தக் கத்தியை அவரிடம் கொடுக்காதீர்கள். அலகின் தடிமன் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. சுழலும் உலர்ந்த சாணையில் கூர் நொடியில் சூடேறும். கூர் ஓரம் வைக்கோல் நிறமோ நீலமோ ஆகிவிட்டால் அந்த இடத்தில் துவைச்சல் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு எவ்வளவு தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது.

1000 எண் நீர்ச் சாணைக்கல் ஒன்று போதும். பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிடுங்கள். கோணம் பக்கத்துக்கு 20 பாகை. அதை அளக்க ஓர் எளிய வழி உண்டு. 8-ஆம் எண்ணின் அலகு சுமார் 17 மி.மீ. அகலம். 20 பாகைக்கு அதன் முதுகு கல்லிலிருந்து ஏறத்தாழ 6 மி.மீ. உயர வேண்டும். ஒரு ரூபாய் நாணயம் நான்கை அடுக்கினால் அந்த உயரம் வந்துவிடும். நாணய அடுக்கின் மேல் முதுகை வைத்துக் கோணத்தைக் கைக்குப் பழக்கிக்கொண்டு, நாணயத்தை எடுத்துவிட்டுத் தீட்டுங்கள்.

அலகின் அடியிலிருந்து முனைவரை ஒரே சீரான இழுப்பு, முனை வளைவு வரும்போது பிடியைச் சற்று உயர்த்துங்கள். பத்து இழுப்புக்குப் பிறகு மறுபக்கத்தில் கூர் ஓரத்தைக் கட்டைவிரலால் குறுக்காகத் தடவிப் பார்த்தால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். நீள வாக்கில் தடவாதீர்கள், விரல் அறுபடும். பிசிறு முழு நீளத்துக்கும் எழும்பாமல் பக்கம் மாறுவதுதான் புதியவர்கள் செய்யும் பிழை. பாதி கூர், பாதி மொட்டை என்று ஆகும். பிசிறு எழுந்த பிறகு மறுபக்கம், பிறகு அழுத்தமே இல்லாமல் மாறி மாறி ஐந்து இழுப்பு, கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் கூர் பின்னால் வரும்படி இருபது இழுப்பு. தினசரிச் செய்தித்தாளின் ஓரத்தைப் பிடித்து வெட்டிப் பார்த்தால் சத்தமில்லாமல் போக வேண்டும்.

கவாத்துக் கத்தியின் உள்வளைவுக்குத் தட்டைக் கல் ஒத்துவராது. விரல் தடிமன் உருண்டைக் குச்சியில் 600 எண் உப்புத்தாளைச் சுற்றி அதே கோணத்தில் தேயுங்கள்.

தினசரிப் பராமரிப்பும் இருப்பும்

தண்ணீரில் ஊறப்போடுவது ஒன்றுதான் பெரிய கேடு. அலகை ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். மாம்பழம் வெட்டிய பிறகு காடிக்குள் நார் தங்கும், அது புளித்து மரத்தைக் கருக்கும், மூங்கில் குச்சியால் வழித்து எடுங்கள். பலாப்பால் வளையத்தில் ஏறினால் சோப்புக்கு அசையாது. தேங்காய் எண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விட்டுத் துடைத்தால் வந்துவிடும். முழுப் பலாவைப் பிளக்கவும் தேங்காய் நெம்பவும் இந்தக் கத்தியை எடுக்கவே கூடாது. முனை ஒடியும், இல்லையென்றால் பூண் தளரும்.

இருப்பு வைக்க பிஸ்கட் டின் நல்ல பெட்டி. ஒவ்வொரு கத்தியையும் பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, நீரை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். தோல் உறையில் போட்டு மாதக் கணக்கில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து அலகில் புள்ளி விழச் செய்யும். நெகிழிப் பையும் அப்படித்தான். மலையில் இருப்பவர்கள் ஆனியிலிருந்து கார்த்திகைவரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை டின்னைத் திறந்து பார்ப்பது நல்லது. சேலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும்.

வெளியே எடுத்துப் போகும்போது

ஆயுத விதிகளின் பட்டியலில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் ஆயுதங்களாகக் குறிக்கப்படுகின்றன. வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் உபயோகத்துக்கென்று செய்தவை அதில் சேராது. 12-ஆம் எண்ணே 5 அங்குலத்துக்குள் அடங்கிவிடும். இருந்தாலும் அளவு சிறியது என்பதற்காக எங்கும் கொண்டுபோகலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் விழாக் கூட்டத்துக்கும், கோடை விழா நெரிசலுக்கும் போகும்போது கத்தி வீட்டிலேயே இருக்கட்டும். தோட்டத்துக்கும் மலைநடைக்கும் எடுத்தால் பூட்டி, பையின் அடியில் வையுங்கள். விமானத்தில் கைப்பையில் 6-ஆம் எண்கூட அனுமதியில்லை, சரக்காக ஒப்படைக்கும் பெட்டியில்தான் போட வேண்டும்.

ஐந்துக்குப் பிறகு

பத்து அளவையும் நிரப்ப நினைப்பவர்கள் ஒரே இரும்பில் நிரப்புங்கள். பத்து கார்பன் கத்திகளை ஒரே மரப்பெட்டியில் அடுக்கி நிறுவனமே விற்கிறது. ஆனால் ஏற்காட்டில் பத்து கார்பன் அலகைப் பராமரிப்பது தனி வேலை என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள். மலையில் இருப்பவருக்கு இனாக்ஸ் வரிசையைத்தான் சொல்வோம். அளவை நிரப்பும் ஆசை இல்லாதவர் 12-ஆம் எண்ணின் ரம்பத்தையோ, 8-ஆம் எண் மெலிந்த பிடி வகையையோ, ஏதேனும் ஒரு ஆலிவ் மரப்பிடியையோ பார்க்கலாம்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கத்தி எண், இரும்பு, மரம், வாங்கிய நாள், விலை, வளையம் கழற்றிய நாள், எண்ணெய் கொடுத்த நாள். அதோடு ஐப்பசியிலும் சித்திரையிலும் வளையம் எவ்வளவு தூரம் திரும்பி நின்றது என்றும் குறித்துவையுங்கள். பூணில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தால் அளப்பது சுலபம். இரண்டு வருடக் குறிப்பு சேர்ந்ததும், எந்தக் கத்திக்குக் காடி தேய்க்க வேண்டும், எதை அப்படியே விடலாம் என்று அதிலிருந்தே தெரிந்துவிடும்.